சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) சிப்பிக் காளான்: மொட்டு வருகிறது, விரிய முன்னரே காய்கிறது

கொக்குவில் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் பின்பக்கம் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கி சிப்பிக் காளான் பைகள் தொங்கவிட்டிருக்கிறேன். மரத்தூள் பைகள்தான். வெள்ளை (காளான் இழை) முழுதாகப் பரவிய நிலையில் வாங்கியவை. கூரை தகரம், மூன்று பக்கம் அரைச்சுவர், அதற்கு மேல் பச்சை வலை. காலையும் பின்னேரமும் கைத்தெளிப்பானால் தண்ணீர் அடிக்கிறேன்.

பையின் வாயில் மொட்டுகள் கொத்தாக வருகின்றன. குண்டூசித் தலை அளவில் நல்ல சாம்பல் நிறம். அடுத்த நாள் பார்த்தால் நுனி பழுப்பு, தொட்டால் இறுகிப்போயிருக்கிறது, அதற்குப் பிறகு அசைவில்லை. தப்பிப் பிழைத்து விரிகிற ஒன்றிரண்டும் விளிம்பு வெடித்த குடைகள்.

மீற்றரில் காலை 27 பாகை, 90 வீதம். மதியம் 34 பாகை, 60 வீதத்துக்குக் கிட்ட. ஈரப்பதன் 85க்குக் கீழே போகக் கூடாது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். மதியமும் தண்ணீர் அடிக்கட்டுமா, அல்லது ஈரமூட்டும் மெசின் ஒன்று வாங்கட்டுமா? கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா ஏற்கெனவே முறைக்கிறா. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ மச்சான் எழுதியது:

தம்பி, யோசிக்காமல் மெசினை வாங்கும். நான் இங்கே கனடாவில் நிலக்கீழ் அறையில் சின்னக் கூடாரம் அடித்து, அல்ட்ராசோனிக் ஈரமூட்டியும் ஈரப்பதனைப் பார்த்து தானாக நிறுத்தும் கட்டுப்படுத்தியும் பூட்டியிருக்கிறேன். 90இல் விட்டால் 90இல் நிற்கும். கொத்துக் கொத்தாக வருது. குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் ஈரப்பதன் 25, 30க்கு இறங்கிவிடும், அதிலேயே சமாளிக்கிறேன் என்றால் உமக்கு 60 ஒரு பிரச்சினையா?

சாவகச்சேரி அக்கா எழுதியது:

தம்பி, காசைக் கையில் வைத்திரும். முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

கொட்டிலின் திறந்த பக்கம் எந்தத் திசை? தகரத்துக்கு மேலே ஏதாவது போட்டிருக்கிறீரா? தெளிக்கிற தண்ணீர் கிணற்றிலிருந்து நேரே அள்ளியதா, கறுப்புத் தாங்கியில் நின்றதா? பைகள் கூரைக்கு எவ்வளவு கிட்ட?

கனடா மச்சானுக்கு: உங்கள் அறை 18, 20 பாகையில் கிடக்கிறது. அங்கே குறைவது ஈரம் மட்டும்தான். இங்கே கதை வேறு.

கொக்குவில் தம்பி எழுதியது:

திறந்த பக்கம் தென்மேற்கு, அக்கா. தகரத்துக்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் வெயில். தண்ணீர் தாங்கியில் இருந்து வரும் பைப்பில்தான் பிடிக்கிறேன். மேல் வரிசைப் பைகள் தகரத்துக்கு ஒரு முழம் கீழே.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

ஐயோ. சோழகம் நேரே வந்து மொட்டில் விழுகிறது, மேலே தகரம் சுடுகிறது, பின்னேரம் வெயிலில் காய்ந்த தாங்கித் தண்ணீரை அடிக்கிறீர். மூன்று மணிக்கு அந்தப் பைப்பைத் திறந்து கையை நீட்டிப் பாரும், எவ்வளவு சூடு என்று தெரியும். கிணற்றில் நேரே அள்ளினால் 28 பாகை அளவில்தான் இருக்கும்.

மொட்டு காய்வதற்குக் காற்றில் ஈரம் குறைவது மட்டும் காரணமில்லை. மொட்டின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய ஈரக்காற்றுப் படை நிற்கும். சோழகம் அதை நிமிடத்துக்கு நிமிடம் வழித்துக்கொண்டு போனால், மீற்றர் 80 காட்டினாலும் நுனி காயும். காற்று வேண்டும், ஆனால் நேரே அடிக்கக் கூடாது.

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

தம்பி போட்ட இரண்டு அளவீடுகளிலேயே பாதி விடை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

மீற்றர் காட்டும் வீதம், பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் என்று படித்த அதே சாமான். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. வெப்பநிலை மாறினால் தாங்கும் அளவே மாறிவிடும்.

27 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 25.8 கிராம் நீராவியைத் தாங்கும். 90 வீதம் என்றால் உள்ளே இருப்பது 23 கிராம் சொச்சம். அதே காற்றை 34 பாகைக்குச் சூடாக்குங்கள். தாங்கும் அளவு 37.5 கிராம் ஆகிறது, உள்ளே இருப்பது அதே 23 சொச்சம்தான். வகுத்துப் பாருங்கள்: 62 வீதம். தம்பி மதியம் கண்ட எண் கிட்டத்தட்ட அதுவே. ஆக, காலைக்கும் மதியத்துக்கும் இடையில் கொட்டிலை விட்டு ஈரம் ஓடிவிடவில்லை. சூடு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கொட்டிலை எப்படியாவது 30 பாகையில் பிடித்து வைத்தீர்கள் என்று வையுங்கள். 30இல் தாங்கும் அளவு 30.4 கிராம். அதே 23 சொச்சம், 76 வீதம். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமலே 62இலிருந்து 76.

மற்றப் பக்கமாகவும் பாருங்கள். 34 பாகையிலேயே வைத்துக்கொண்டு 85 வீதம் வேண்டுமென்றால் கன மீற்றருக்கு இன்னும் 9 கிராம் அளவில் நீராவி சேர்க்க வேண்டும். கொட்டில் 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் என்றால் 30 கன மீற்றர், கால் லீற்றர் சொச்சம் தண்ணீர் ஆவியாக வேண்டும். பெரிய விசயம் இல்லைத்தான். ஆனால் பச்சை வலை வழியே சோழகம் உள்ளே வந்து காற்று மாறும் ஒவ்வொரு தடவையும் மறுபடி கால் லீற்றர். அடைத்த கூடாரத்தில் மெசின் வெல்லும். திறந்த கொட்டிலில் தோற்கும்.

ஸ்காபரோ மச்சான் எழுதியது:

மாஸ்ரர், கணக்கு சரி. ஆனால் தண்ணீர் ஆவியானால் குளிர்ச்சியும் வருமே? அப்போ தண்ணீர் அடிப்பதால் இரண்டு பலன் கிடைக்க வேண்டும்.

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

கிடைக்கும். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் எந்த அளவுக்கு இறங்குமோ அதற்குக் கீழே, திறந்த பக்கத்தில் நனைத்துத் தொங்கவிடும் ஈரச்சாக்காலும் இறக்க முடியாது. 33 பாகை, 65 வீதக் காற்றில் அந்த எல்லை 27.5 பாகை அளவில். அதே 33 பாகையில் ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால் எல்லை 30. ஆகவே சோழகத்து மதியத்தில் ஈரச்சாக்கு நன்றாக வேலை செய்யும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் சாக்கைத் தொங்கவிட்டால் சாக்கு நனைந்தபடி கிடக்கும், அவ்வளவுதான். நடைமுறையில் அந்த எல்லை வரைக்கும் போகாது, பாதித் தூரம் போனாலே திருப்திப்படுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

மாஸ்ரர் சொன்ன பாதித் தூரத்தை நான் காட்டுகிறேன். எங்கள் பக்கம் கடற்காற்று இன்னும் மோசம். செய்தது இதுதான்.

தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு பனை மட்டைகளைக் குறுக்கே போட்டு, அதற்கு மேல் கிடுகு வேய்ந்தேன். கிடுகைத் தகரத்தோடு ஒட்டிப் போட வேண்டாம். இடையில் காற்று ஓட வேண்டும். மேலே மீன்வலை ஒன்றைப் போட்டு நாலு மூலையிலும் கட்டினால்தான் சோழகத்தில் கூரை இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு வேலியில் போய்த் தேட வேண்டும்.

தென்மேற்குப் பக்கத்தில் இரட்டைச் சாக்கு. வெளிச்சாக்குக்கும் உட்சாக்குக்கும் இடையில் ஒரு சாண். மேலே ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் குழாய், அதில் கிணற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். சோழகம் எதிரி என்று அக்கா சொன்னா. ஈரச்சாக்குக்கு ஊடாக வடித்து எடுத்தால் அதுவே கூலர். கரண்ட் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில் மெசின் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

நிலத்தில் நாலு விரல் தடிப்புக்கு ஆற்று மணல். அதைக் காலையில் ஒரு தடவை நன்றாக நனைத்தால் மதியம் வரை தானாக ஆவி விடும். பையில் அடிக்கத் தேவையே வராது.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

சாக்கு நல்லது, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர் தம்பி. எப்போதும் நனைந்திருக்கும் சாக்கில் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி வரும். கிழமைக்கு ஒரு தடவை கழற்றி, அவித்த தண்ணீரில் முக்கி, வெயிலில் காயப்போட வேண்டும். இரண்டு சோடி வைத்திருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஊரியா சாக்கு வேண்டவே வேண்டாம், சணல் சாக்குத்தான்.

வேலணைப் பிள்ளை எழுதியது:

எங்கள் பக்கம் கிணறு சவர். அதைத் தெளிக்கலாமா? பக்கத்து வீட்டு அண்ணை, காளானுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார்.

வடமராட்சியான் எழுதியது:

சாக்கையும் மணலையும் சவர்த் தண்ணீரால் நனைக்கலாம், நாளடைவில் சாக்கில் உப்புப் பூத்து விறைக்கும், நல்ல தண்ணீரில் அலசினால் சரி. பையிலும் மொட்டிலும் மட்டும் படவிடாதேங்கோ. அதற்கு மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குடிக்கிற தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்து வைத்தால் போதும், மொட்டுக்குத் தேவை அவ்வளவு சொற்பம்.

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

இதோடு சேர்த்து மெசின் கதைக்கும் ஒரு வார்த்தை. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த விசயம். அல்ட்ராசோனிக் மெசின் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிர்வால் துளியாக உடைத்து எறிகிறது. துளி காய்ந்ததும் அந்தச் சுண்ணாம்பு தூளாகக் காற்றில் மிதக்கும். குடையில் வெள்ளைப் பொடி, சுவரில் வெள்ளைப் பொடி, மூச்சில் வெள்ளைப் பொடி. நுண்துளித் தெளிப்பு முனைகளும் அதே சுண்ணாம்பால் அடைபடும். அடைபட்டால் வினாகிரியில் ஊறப்போடுங்கள். மெசின்தான் வேண்டும் என்பவர்கள் மழைத் தண்ணீரை ஊற்றுங்கள்.

உரும்பிராய் சின்னவன் எழுதியது:

இந்த உரையாடலுக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர்மாறான சிக்கல். வீட்டுக்குள் ஸ்ரோர் அறையில் வைத்து, வாசலுக்குப் பொலித்தீன் திரை போட்டு நன்றாக அடைத்திருக்கிறேன். ஈரப்பதன் 95, வெப்பம் 29, 30. மொட்டு காயவில்லை. ஆனால் காம்பு நீண்டு நீண்டு வளர்கிறது, தலை சட்டைப் பொத்தான் அளவில் நிற்கிறது. கறி வைத்தால் நாராக இருக்கிறது.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

மூச்சு முட்டுகிறது. காளானும் நம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டு விடும். வெளிக்காற்றில் அது பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில். அடைத்த அறையில் ஆயிரத்தைத் தாண்டினாலே சிப்பிக் காளான் காம்பை நீட்டிக் காற்றைத் தேடும், குடையை விரிக்காது. வெள்ளை பரவுகிற காலத்தில் அடைத்திருந்தால் குற்றமில்லை, மொட்டு வந்த பிறகு ஆகாது. திரையின் அடியில் ஒரு முழம் வெட்டி விடும், சுவரின் உச்சியில் எதிர்ப்பக்கம் ஒரு துளை. விடியவும் பொழுதுபட்டும் கதவைத் திறந்து வையும், அந்த நேரத்து வெளிக்காற்றே குளிரும் ஈரமுமாக இருக்கும்.

பார்த்துப் பிடிபட இது போதும்: விளிம்பு வெடித்தால் வறட்சி. காம்பு நீண்டால் காற்றில்லை. குடையில் மஞ்சளும் மண்ணிறமுமாக வழுக்கும் திட்டு வந்தால் தண்ணீர் மேலே தேங்கியிருக்கிறது.

கொக்குவில் தம்பி எழுதியது:

அந்தத் திட்டு எனக்கும் வந்தது அக்கா, மதியமும் தண்ணீர் அடித்துப் பார்த்த நாட்களில். அது நோயா?

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

பற்றீரியா. சூடோமோனாஸ் தொலாசி என்று பெயர். குடையின் மேல் தண்ணீர்ப் படலம் சில மணித்தியாலம் காயாமல் நின்றால் பெருகும். மருந்து தேடி அலைய வேண்டாம். தெளித்த தண்ணீர் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்குள் குடையில் இருந்து காய்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காற்றில் நிற்கட்டும், காளானில் நிற்க வேண்டாம். இரவில் காற்று ஓய்ந்து ஈரப்பதன் தானாக ஏறும், ஆகவே பொழுதுபட்ட பிறகு குடைமேல் தெளிப்பது தேவையற்ற வேலை.

நல்லூர் ரீச்சர் எழுதியது:

இவ்வளவு நேரமும் மீற்றரை நம்பிக் கதைக்கிறோம். இந்தச் சின்ன டிஜிற்றல் மீற்றர்கள் உண்மை சொல்கின்றனவா? என்னிடம் இரண்டு இருக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 71 என்கிறது, மற்றது 83.

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

நல்ல கேள்வி ரீச்சர். உப்பால் சோதிக்கலாம். ஒரு போத்தல் மூடியில் உப்புப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டு, கஞ்சிப் பதத்தில் குழையுங்கள். முழுதாகக் கரையக் கூடாது, உப்புக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடியையும் மீற்றரையும் காற்றுப் புகாத பையிலோ டப்பாவிலோ வைத்து இறுக்கி மூடி, ஓர் இரவு விடுங்கள். மீற்றரில் தண்ணீர் படக் கூடாது. மூடிய இடத்துக் காற்று 75 வீதத்தில் போய் நிற்கும். நம் அறை வெப்பநிலையில் இதில் பெரிய மாற்றம் வராது. மீற்றர் 81 காட்டினால் அது 6 கூட்டிச் சொல்கிறது, எழுதி ஒட்டிவிடுங்கள்.

தூளாக்கிச் சுத்திகரித்த மேசை உப்பே நல்லது. ஆனையிறவுக் கல்லுப்பு கறிக்குச் சோக்கு, இந்தச் சோதனைக்குச் சரிவராது. கடலுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் உப்புகள் ஈரத்தை இழுத்து 75க்குக் கீழே கொண்டுபோய்விடும்.

இன்னொன்று, மீற்றரைச் சுவரில் கண்மட்டத்தில் மாட்டாதீர்கள். பை தொங்கும் உயரத்தில், பையின் நிழலில் மாட்டுங்கள். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் 2, 3 பாகை வித்தியாசம் சாதாரணம்.

நல்லூர் ரீச்சர் எழுதியது:

நன்றி மாஸ்ரர். 83 சொன்னதுதான் பொய் சொல்கிறது என்று என் சந்தேகம், அது மலிவாக வாங்கியது.

உரும்பிராய் சின்னவன் எழுதியது:

திரையை வெட்டினேன். அடுத்த வளர்ச்சியில் குடை விரிகிறது, நன்றி அக்கா. இப்போது அம்மம்மா இருமத் தொடங்கியிருக்கிறா. ஸ்ரோர் அறை அவவின் அறைக்குப் பக்கம். காளானாக இருக்குமா?

சாவகச்சேரி அக்கா எழுதியது:

தம்பி, இதில் விளையாட வேண்டாம். சிப்பிக் காளான் முற்றினால் வித்திகளைப் புகைமாதிரி கொட்டும், அறைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் மிதப்பது தெரியும். சிலருக்கு அது நெஞ்சில் ஒவ்வாமையைக் கிளப்பும், காளான் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதனால் நுரையீரல் அழற்சியும் வருவதுண்டு. அம்மம்மாவை டொக்டரிடம் காட்டும், வீட்டில் காளான் வளர்க்கிறோம் என்பதையும் சொல்லும். பைகளை இன்றைக்கே வெளிப்பத்திக்கு மாற்றும். வீட்டுக்குள் 90 வீத ஈரம் வைத்தால் சுவரிலும் அலுமாரியிலும் பூஞ்சணம் வரும், அது வேறு.

உரும்பிராய் சின்னவன் எழுதியது:

மாற்றியாச்சு. கிணற்றடிப் பத்திக்கு.

கோயம்புத்தூர் ராசு எழுதியது:

வணக்கங்க. வெளியூர்க்காரன், படிச்சுட்டே இருந்தேன். 34 டிகிரியில சிப்பியோட ஏன் இவ்வளவு போராட்டம்? பால் காளான் போடலாமே. அது கேக்கறதே 30லேர்ந்து 35 டிகிரி, ஈரப்பதம் 80, 85. எங்க வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் இங்க கோடையில நல்லா வருது. பறிச்சு வச்சா சிப்பியை விட நாள் தாங்கும்.

வடமராட்சியான் எழுதியது:

அண்ணை, நல்ல யோசனை. ஆனால் பால் காளானுக்கு மேலே மண் போட வேண்டுமே. நம் ஆட்கள் பையில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டுப் பழகியவர்கள்.

கோயம்புத்தூர் ராசு எழுதியது:

ஆமாங்க, பையை பாதியா வெட்டி, மேல ரெண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஆவியில வேகவச்ச மண் போடணும். அந்த மண்ணு காயவும் கூடாது, சேறாவும் கூடாது. விரலால அமுக்கினா ஈரம் தெரியணும், ஒட்டக் கூடாது. நேர் வெயில் படாத வெளிச்சமும் வேணும். சிப்பியில காத்தோட ஈரத்தைப் பாக்கறீங்க, இதுல மண்ணோட ஈரத்தைப் பாக்கணும். வேலை ஒண்ணுதான்.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

ராசு தம்பி சொல்வது நியாயம்தான், வித்து நல்லதாகக் கிடைத்தால். என் கருத்து வேறு: பங்குனி தொடக்கம் ஆவணி வரைக்கும் சிப்பிப் பைகளைக் குறையும், பாதியாக்கும். ஐப்பசி மழை விழுந்த பிறகு கூட்டும். மார்கழி, தையில் இரவு 23 பாகைக்கு இறங்கும். அந்த இரண்டு மாதமும் எந்தச் சாக்கும் தேவையில்லை. சந்தையில் விலை இருக்கிறது என்று வைகாசியில் நூறு பை தொங்கவிட்டு, தண்ணீருக்கும் கரண்டுக்கும் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வடமராட்சியான் எழுதியது:

அக்காவின் தென்மராட்சியில் பலா, மா நிழல் இருக்கிறது, அவவுக்கு அப்படிச் சொல்ல முடியும். கோடையில் காளானுக்கு ஆள் தேடி வருகிற நேரத்தில் பையைக் குறைத்தால் எங்களுக்குக் கட்டாது. சாக்கும் கிடுகும் போட்டுக் கோடையையும் ஓட்டலாம். ஒத்துக்கொள்கிறேன், விளைச்சல் மாரியின் அளவுக்கு வராது.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

மாரி என்றதும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். அப்போது ஈரம் 90க்கு மேலே பகல் முழுக்க நிற்கும். பழக்கத்தில் காலை, பின்னேரம் என்று தெளித்துக்கொண்டிருந்தால் அந்த மஞ்சள் திட்டும், பையில் பச்சைப் பூஞ்சணமும், சின்னக் கொசு போன்ற ஈயும் ஒன்றாக வரும். நவம்பரில் தெளிப்பானைத் தொடவே தேவையில்லாத கிழமைகள் உண்டு. சாக்கைக் கழற்றி வைத்து, நுளம்பு வலையை மட்டும் விடுங்கள். வெள்ளம் வருகிற காணி என்றால் கீழ் வரிசையை இடுப்புக்கு மேலே கட்டுங்கள்.

பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையை அங்கே வைத்துத் திறந்து பார்க்கக் கூடாது. அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

நல்லூர் ரீச்சர் எழுதியது:

நான் இந்த முறை வைக்கோலில் சொந்தமாகப் பை போடப் போகிறேன். வித்துப் பரவும் காலத்தில் வெப்பம் எவ்வளவு வேண்டும்? அப்போதும் 85 வீதம் தேவையா?

கணக்கு மாஸ்ரர் எழுதியது:

பரவும் காலத்தில் அறையின் ஈரப்பதன் பெரிய விசயமில்லை, பை மூடித்தான் இருக்கிறது. ஈரம் வைக்கோலுக்குள் இருக்க வேண்டும். அவித்து வடித்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் காய விடுங்கள்.

வெப்பம் 24 தொடக்கம் 28 பாகை உகந்தது. ஆனால் அது அறையின் எண். பரவிக்கொண்டிருக்கும் இழை தானே சூடு விடும். பையின் நடுப்பகுதி அறையை விட 2 தொடக்கம் 5 பாகை கூடுதலாக இருக்கும். அறை 32 என்றால் பையின் வயிறு 36. அந்தச் சூட்டில் இழை சோர்ந்து மஞ்சள் நீர் விடும், பச்சைப் பூஞ்சணத்துக்கு அதுவே விருந்து. 40ஐத் தொட்டால் செத்துவிடும். ஆகவே பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், கை நுழையும் இடைவெளி விட்டு, வீட்டில் எந்த இடத்தில் வெறுங்காலோடு நின்றால் நிலம் குளிர்கிறதோ அங்கே வையுங்கள். சீமெந்து நிலத்தில் கட்டிலுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை, காளான் விரிய முன்னர் வெளியே கொண்டுபோனால் சரி. குசினியில் வைக்கும் கம்பி வெப்பமானி இருந்தால் ஒரு பையில் குத்தி வைத்துப் பாருங்கள், அந்த ஒரு பையைத் தியாகம் செய்த கணக்கு.

கொக்குவில் தம்பி எழுதியது:

நிலவரம் சொல்ல வந்தேன். தகரத்துக்கு மேலே கிடுகு போட்டாச்சு, வடமராட்சி அண்ணை சொன்ன மாதிரி இடைவெளி விட்டு. தென்மேற்குப் பக்கம் இரட்டைச் சாக்கு. கிணற்றில் அள்ளி ஊற்றுகிறேன், சொட்டுக் குழாய் இன்னும் பூட்டவில்லை. மணலும் போட்டேன். மீற்றரை உப்பில் சோதித்ததில் 3 குறைத்துக் காட்டுகிறது.

நேற்று மதியம் கீழ் வரிசையில் 30 பாகை, 82 வீதம். மேல் வரிசையில் 32, 72. கீழ் வரிசையில் குடைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கின்றன, விளிம்பு வெடிக்கவில்லை. மேல் வரிசை இன்னும் பாதி காய்கிறது. பையில் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டேன், சுவருக்கும் நிலத்துக்கும் மட்டும்.

மேல் வரிசைக்கு வேறென்ன செய்யலாம்? எப்போது பிடுங்குவது என்பதும் தெரியவில்லை, பெரிதாகட்டும் என்று விட்டால் விளிம்பு சுருள்கிறது.

சாவகச்சேரி அக்கா எழுதியது:

மேல் வரிசைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கழற்றும். சூடு மேலேதான் நிற்கும், இந்த உயரக் கொட்டிலில் அந்த வரிசை மார்கழிக்கு உரியது. வடகிழக்குச் சுவரின் உச்சியில் இரண்டு கல்லைக் கழற்றி வலை அடித்தால் சூடு வெளியேறும், கீழ் வரிசைக்கும் நல்லது.

பிடுங்குவது: விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே எடும். தட்டையாகி மேலே சுருளத் தொடங்கினால் பிந்திவிட்டது, வித்தி கொட்டும், நிறையும் குறையும். கொத்தை அடியில் பிடித்து முறுக்கி முழுதாக எடும், பையில் அடிக்கட்டையை மிச்சம் வைத்தால் அதிலே அழுகல் பிடித்து ஈ வரும். விடியற்காலையில் எடுத்தால் இறுக்கமாக இருக்கும். எடுப்பதற்கு முன் தண்ணீர் அடித்து நிறையைக் கூட்டுகிற வேலை வேண்டாம், சந்தைக்குப் போக முன்னரே வழுக்கத் தொடங்கும். எடுத்த பிறகு பையை ஒரு கிழமை, பத்து நாள் சும்மா விடும். சாக்கை மட்டும் நனைத்துக்கொண்டிரும், அடுத்த மொட்டு தானாக வரும்.

கொக்குவில் தம்பி எழுதியது:

சரி அக்கா. மேல் வரிசைப் பைகளை அம்மாவின் குளியலறைப் பக்கத்துச் சுவரோடு வைக்கிறேன், அங்கே எப்போதும் நிழல்.

வடமராட்சியான் எழுதியது:

சோப்புத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையும்.